அம்மாவுக்கு நான் கரண்ட் பாடம் எடுத்தது

தொடக்கநிலை ஐந்தில் படித்தபோது எனக்கு ஒரு மாணவி இருந்தார். என் அம்மாதான்.

அம்மா அப்போது ஃபேரர் பார்க்கில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் கடையில் விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. சரிசெய்ய வந்தவர் ஏணியில் ஏறி ஏதோ இரண்டு கம்பியை மாற்றி மாட்டியதும் கடை முழுக்க வெளிச்சம் வந்ததாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்த அம்மா, தானும் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னார். பேருந்து ஓட்டும் அப்பா, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஷிஃப்டுக்குத் தூங்கப் போனார். ஆங் மோ கியோவில் இருக்கும் அத்தைதான் போன் போட்டு, புடவை மடிக்கிற கைக்கு ஸ்க்ரூடிரைவர் எதற்கு என்று சிரித்தார். அம்மா வாரத்தில் மூன்று மாலை வகுப்புக்குப் போக ஆரம்பித்தார்.

வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில். அம்மாவின் ஆங்கிலம் புடவையின் நிறத்தையும் நீளத்தையும் சொல்லப் போதும், அதற்கு மேல் திணறும். எனக்கோ அதே சமயத்தில் பள்ளியில் மின்சுற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பேட்டரி, மூன்று குட்டிப் பல்ப், கொஞ்சம் கம்பி கொண்ட பெட்டி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். ஆகவே ஆசிரியை பதவியை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை.

நான் கண்டிப்பான ஆசிரியை. அம்மா நடுவில் எழுந்து குழம்பைக் கிளறப் போனால்கூட முறைப்பேன்.

அம்மாவுக்கு முன்னால் ஒரு தேர்வு இருந்தது. அதில் தேறினால் கடையை விட்டுவிட்டு, அடுக்குமாடி வீடுகளின் மின்வேலை பார்க்கும் ஒரு நிறுவனத்தில் சேரலாம். தவறினால் இன்னும் ஒரே ஒரு முறைதான் எழுத விடுவார்கள். அதிலும் தவறினால் புடவைக் கடைதான், அத்தையின் சிரிப்புதான்.

ஒரு பல்பை மாட்டினேன், பளிச்சென்று எரிந்தது. அதே கம்பியில் அடுத்தடுத்து இரண்டு பல்பை மாட்டினேன், இரண்டும் மங்கிவிட்டன. ஏன் என்று அம்மா கேட்டார். எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லும் வழக்கம் நான் நடத்திய பள்ளிக்கூடத்தில் இல்லை.

உதாரணத்துக்குத் தோ பாயோ கோயில் அன்னதானத்தை இழுத்துக்கொண்டு வந்தேன். அம்மா கடை முடிந்து வருவதற்குள் பந்தி நிறைந்துவிடும், எங்களுக்கு எப்போதும் கடைசி இலைதான். சாம்பார் வாளி எங்களிடம் வந்து சேரும்போது கரண்டி அடியைச் சுரண்டும். கரண்டும் அப்படித்தான் என்று விளக்கினேன். முதல் பல்ப் கொஞ்சம் கரண்டைச் சாப்பிட்டுவிடும், மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும்.

அம்மா இரண்டு பல்பையும் குனிந்து பார்த்தார்.

"ரெண்டும் ஒரே மாதிரிதானே எரியுது?"

"வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது லா" என்று முடித்துவிட்டேன். அம்மா நோட்டில் எழுதிக்கொண்டார்.

தேர்வில் அம்மா தவறிவிட்டார். அவசரத்தில் எழுதிவிட்டேன் என்று மட்டும் சொன்னார். கவனம் போதவில்லை என்று நான் அறிவுரை சொன்னேன். இப்போது நினைத்தால் எனக்கே என் தலையில் ஒரு கொட்டு வைக்கத் தோன்றுகிறது.

இரண்டாவது முறைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா மின்சாரம் அளக்கும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கி வந்தார். என்னை உட்காரவைத்து, முதல் பல்புக்கு முன்னால் கம்பியைக் கழற்றி, நடுவில் மீட்டரைச் சேர்த்து அளக்கச் சொன்னார். பிறகு இரண்டாவது பல்பைத் தாண்டி அளக்கச் சொன்னார். இரண்டு இடத்திலும் ஒரே எண். கம்பியை மாற்றிப் போட்டேன். மீட்டரைத் தட்டிப் பார்த்தேன். அதே எண்.

"மீட்டர் கெட்டுப்போச்சும்மா. கடைல மாத்திட்டு வாங்க."

அம்மா மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்படித்தான் போலிருக்கிறது என்று சொல்லி அதை அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்த பாடத்தை நடத்தச் சொன்னார். அந்த வாரம் முழுக்க நான் நடத்தினேன். அம்மா தேறிவிட்டார். என் மாணவி தேறிவிட்டார் என்று வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். அத்தைக்கும் நானே போன் போட்டேன்.

உயர்நிலை மூன்றில் ஆய்வுக்கூடத்தில் அதே சோதனையைச் செய்தபோது, அங்கே இருந்த பத்து மீட்டரும் கெட்டுப்போயிருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல்ப் கரண்டைச் சாப்பிடுவதே இல்லை. பேட்டரியின் அழுத்தத்தைத்தான் பல்புகள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு பல்ப் கூடினால் மின்தடை கூடுகிறது, முன்னால் பின்னால் என்ற பேதமில்லாமல் சுற்று முழுவதிலும் ஓட்டம் குறைகிறது. கரண்ட் சாம்பார் இல்லை, வாளி தூக்குகிறவர்; சாம்பார்தான் குறையும், அவர் பந்தி முடிந்து முழுசாகத்தான் திரும்பி வருவார். அதை நான் பார்க்கத் தவறிவிட்டேன்.

அன்று மாலை வேலைச் சட்டையோடு வீட்டுக்கு வந்த அம்மாவிடம், முதல் தடவை அந்த இரண்டு பல்ப் கேள்வியால்தான் தவறினீர்களா என்று கேட்டேன். அது ஒன்றல்ல, அதையே வைத்து நாலு கேள்வி வந்தது என்றார், சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சொன்னது தப்பு என்று அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அம்மா காலணியைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லணும்னுதான் மீட்டர் வாங்கினேன். ஆனா தப்புன்னு தெரிஞ்சா நீ எழுந்து போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு. தனியா உக்காந்து படிச்சா நான் பாதியிலயே விட்டிருப்பேன்."

அந்த மேசையில் அம்மாவுக்கு வேண்டியிருந்தது என் அறிவு என்றுதான் அத்தனை வருடமும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.