எல்லிஸ் டிராமல் கை தட்டிய ஞாயிறு

எல்லிஸ் டிராமலுக்குக் கை ஒன்றரை அங்குலம் குட்டை. ஆறடி நாலு அங்குல உயரமும் நூற்று நாற்பது கிலோ எடையும் உள்ள ஆளைப் பார்த்து வேறு யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவன் இருபத்திரண்டு வயதில் தொழில்முறை அமெரிக்க ஃபுட்பாலுக்கு வந்தபோது, புதிதாக வந்தவர்களை வரிசையாக நிறுத்தி, தையற்காரன் மாதிரி நாடா பிடித்துத் தோளிலிருந்து விரல் நுனிவரை அளந்தார்கள். அன்றைக்கு அதே நாடாவுக்குக் கையை நீட்டியவன் வெஸ் ஹாலோவே. அவனுக்குக் கை எல்லிஸைவிட ஒன்றரை அங்குலம் நீளம்.

பந்தெறிபவன்மேல் எதிராளிகள் பாயாமல் தடுக்க, அவனுக்கு முன்னால் ஐந்து பேர் சுவராக நிற்பார்கள். நீளக் கைக்காரனுக்குச் சுவரின் ஓரம். குட்டைக் கைக்காரனுக்கு அதை ஒட்டிய உள் இடம். எங்கள் ஏரிக்கரை நகரத்தின் ஃபெர்ரிமென் அணியில் பத்து வருடம் இருவரும் அப்படித்தான் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். ஓரத்துக்காரனுக்கு வருடம் பதினாறு மில்லியன் டாலர். உள்ளே நிற்பவனுக்கு நாலு.

"ஒன்றரை அங்குலத்துக்குப் பன்னிரண்டு மில்லியன். தங்கம்கூட இந்த விலைக்கு விக்கல டாக்" என்பான் எல்லிஸ்.

நான் டாக்டர் இல்லை. அடிபட்ட முழங்கால்களை மடக்கி நீட்டிப் பழக்கும் பிசியோ. எல்லிஸ் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன். டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

ஹாலோவேயிடம் ஒரு குறை உண்டு. வெளிப்பக்கமாக வருகிறவனை மலை மாதிரி நிறுத்துவான். ஆனால் வெளியே போவதுபோல் போக்குக் காட்டி எதிராளி சட்டென்று உள்ளே வெட்டினால் அரைக் கணம் திணறுவான். அந்த அரைக் கணத்தில் எல்லிஸின் இடது தோள் அங்கே போய் இடித்து அடைக்கும். இது தொலைக்காட்சியில் தெரியாது. ஹாலோவேயின் படம் ஊர் நடுவே ஆறு மாடிக் கட்டடத்தில் ஒட்டப்பட்டிருந்தது. எல்லிஸ் வேலைக்குப் போகும் வழி அது. அதைப் பார்க்காமல் இருக்கவே நாலு மைல் சுற்றிப் போவான்.

"நீங்க ரெண்டு பேரும் சிநேகம்தானே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உயிர்ச் சிநேகம். என் மகளுக்கு ஞானத்தகப்பன் அவன். அதனாலதான் வயிறு எரியுது. முன்பின் தெரியாதவன் மேல எவனாவது பொறாமைப்படுவானா?"

இந்த லீக்கில் ஓர் அணி ஒரு வருடத்தில் ஆட்டக்காரர்களுக்கு மொத்தம் இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று உச்சவரம்பு இருக்கிறது. உரிமையாளர் குபேரனாக இருந்தாலும் அதற்கு மேல் ஒரு டாலர் போட முடியாது. அண்டாச் சோறு அளவுதான். முதல் இலையில் பந்தெறிபவன், அடுத்த இலையில் ஹாலோவே போன்றவர்கள். கடைசிப் பந்தியில் இரண்டு விதமான ஆட்கள் மோதுவார்கள்: எல்லிஸைப் போல வருடம் ஏற ஏறக் கூலி ஏறிய பழைய ஆட்கள், குறைந்த கூலிக்கு நாலு வருடம் எழுதிக்கொடுத்துவிட்டு வரும் புதியவர்கள். யாருக்கு அகப்பை முதலில் நீளும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அணிகள் அந்த வருடக் கணக்கைப் போடும் மார்ச் மாதம் வந்தால் பழைய ஆட்கள் வீட்டில் போன் அடித்தாலே எடுக்கப் பயப்படுவார்கள். என் விசாத் தாள் புதுப்பிப்பும் மார்ச்சில்தான் என்பதால் அந்தப் பயம் எனக்கும் பழக்கம்.

அந்த மார்ச்சில் இருவரையும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். ஹாலோவேயின் சம்பளத்தில் பெரும்பகுதியை முன்பணமாக மாற்றி, ஒரே காசோலையாகக் கையில் கொடுத்தார்கள். கணக்கில் அது அடுத்தடுத்த வருடங்களுக்குப் பிரித்துப் போடப்படும். இந்த வருட உச்சவரம்பில் இடம் கிடைக்கும். அவனுக்கு ஒரு காசு நட்டமில்லை. எல்லிஸிடம் நாலை இரண்டாக்கச் சொன்னார்கள். சம்மதித்தால் இரு, இல்லாவிட்டால் போ. அவன் சம்மதித்தான்.

மறுநாள் செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வந்தது: 'அணிக்காக ஹாலோவேயின் தியாகம்'.

எல்லிஸ் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் வாசலுக்கே வந்துவிட்டான்.

"டாக், இதைப் படி. தியாகமாம். ஒரு பாக்கெட்டுல இருந்து எடுத்து இன்னொரு பாக்கெட்டுல வெச்சவன் தியாகி. பேண்டையே கழட்டிக் கொடுத்தவன் பேரு எங்கேயாச்சும் இருக்கா, தேடிப் பாரு."

தேடினேன். பதினொன்றாம் பக்கத்தில், டயர் விளம்பரத்துக்குக் கீழே, ஒரு வரி இருந்தது. அதிலும் டிராமல் என்பதில் ஓர் எழுத்தை விட்டிருந்தார்கள். அவனிடம், பெயர் எங்கேயும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் முடிவில் அடுத்தது வந்தது. பல வருடம் ஆடியவன் முதல் ஆட்டத்தன்று அணிப் பட்டியலில் இருந்தால் அந்த வருடச் சம்பளம் முழுக்க அவனுக்கு உறுதி. மறுநாள் அனுப்பினாலும் கொடுத்தாக வேண்டும். அதனால் அணிகள் ஒரு வேலை செய்யும். முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் பழைய ஆளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை திரும்பச் சேர்த்துக்கொள்ளும். அப்புறம் வாராவாரம் கூலி; எந்த வாரமும் நிறுத்தலாம். இதை எழுதித்தர விதி இல்லை. கைகுலுக்கல்தான் பத்திரம்.

வெள்ளிக்கிழமை அணி மேலாளர் எல்லிஸின் கையைக் குலுக்கினார்.

"ஒரே ஒரு ஞாயிறு எல்லிஸ். வீட்டுல கால் நீட்டி உட்காரு. செவ்வாய் காலைல நானே கூப்பிடறேன்."

"என் இடத்துல யாரு?"

"மைக்கா ஸ்டோட். ஒரு ஆட்டம்தானே."

மைக்காவுக்கு இருபத்திரண்டு வயது. டெக்சாஸ்காரன். எல்லாரையும் சார் போட்டுக் கூப்பிடுவான். எல்லிஸின் காதுக்கு அந்தச் சார், போய்ட்டு வாங்க தாத்தா என்று கேட்டது.

சனிக்கிழமை காலை நான் அவர்கள் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது எல்லிஸின் ஏஜெண்ட் கூப்பிட்டான். அரிசோனாப் பக்கத்து அணி ஒன்றில் உள் இடத்து ஆளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மதியத்துக்குள் கையெழுத்து, நாளைப் பட்டியலில் பெயர், வருடச் சம்பளம் உறுதி.

"சொல்லிக் கூப்பிடறேன்" என்று எல்லிஸ் வைத்துவிட்டான்.

அவன் மனைவி மார்வா அடுப்பை அணைத்தாள். "என்ன சொல்லிக் கூப்பிடறே? பெட்டியை எடுக்கவா?"

"கை குடுத்திருக்கேன் மார்வா."

"அவரும்தான் குடுத்தாரு. மார்ச்சுலயும் குடுத்தாரு. அந்தக் கையில எத்தனை விரல் மிச்சம் இருக்குன்னு எண்ணிப் பாத்தியா?"

"வாக்குன்னா வாக்குதான்."

"வாக்காவது மண்ணாவது. உன் மூஞ்சியைப் பதினாலு வருஷமா பாக்கறேன் கண்ணு. வெஸ்ஸுக்குப் பக்கத்துல இன்னொருத்தன் நிக்கறது உனக்குப் பொறுக்கல. அவ்வளவுதான்."

எல்லிஸ் என்னைப் பார்த்தான். நான் காபியைப் பார்த்தேன்.

"ஆமா" என்றான் கடைசியில். "நான் அரிசோனா போனா அந்த இடம் மைக்காவோடது. இங்கேயே இருந்தா, அது ஒரு ஞாயிறு இரவல். அவன் உட்கார்ந்து சூடாக்கறதுக்குள்ள நான் எழுப்பிடுவேன்."

மதியம் வந்தது, போனது. அரிசோனாவுக்கு வேறு ஆள் கிடைத்தான்.

ஞாயிறு மதியம் அவர்கள் வீட்டு நிலவறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தோம். மார்வா கோழி இறக்கைகளைப் பொரித்துக் கொண்டுவந்தாள். எல்லிஸ் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவன் பந்தைப் பார்க்கவே இல்லை. ஐந்து பேர் சுவரில் இடதுபக்க இடுக்கை மட்டும் பார்த்தான்.

மைக்கா நன்றாக ஆடினான். அதுதான் பிரச்சினை. முதல் பாதியில் எதிராளி மூன்று முறை உள்ளே வெட்டினான். மூன்று முறையும் மைக்காவின் தோள் அங்கே இருந்தது. மூன்றாவது முறை ஹாலோவே அவன் தலைக்கவசத்தில் இரண்டு தட்டுத் தட்டினான்.

எல்லிஸ் எழுந்து நின்றுவிட்டான். "பாத்தியா? பாத்தியா டாக்? ரெண்டு தட்டு. எனக்கு முதல் ரெண்டு வருஷம் ஒண்ணுதான்."

"உட்காரு, டி.வி. மறைக்குது" என்றாள் மார்வா.

"பொண்டாட்டி தாலியக் கழட்டி அடுத்தவளுக்குப் போட்ட மாதிரி இருக்கு" என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். தாலி என்றால் என்ன என்று விளக்க வேண்டியதாயிற்று. எல்லிஸ் கேட்டுவிட்டு, "அதேதான்" என்றான்.

இடைவேளைக்குப் பிறகு அவன் வாய்விட்டே வேண்ட ஆரம்பித்தான். "வழுக்குடா. ஒரு தடவை வழுக்கு. ஒண்ணே ஒண்ணு."

ஆட்டத்தின் நாலாவது, கடைசிக் கட்டத்தில் மைக்கா வழுக்கினான். எதிராளி வெளியே போக்குக் காட்டி உள்ளே வெட்டினான். மைக்காவின் தோள் அரைக் கணம் பிந்தியது. வந்தவன் நேராகப் புகுந்து பந்தெறிபவனை மடக்கிப் போட்டான். மனிதர்கள் மூட்டை மூட்டையாகச் சரிந்தார்கள்.

எல்லிஸ் துள்ளிக் குதித்துக் கை தட்டினான். இரண்டு கைகளும் பாறை உடைவது போலச் சத்தமிட்டன. "அதான்! அதான்! இப்பத் தெரியுதா? இப்பத் தெரியுதாடா எல்லாருக்கும்?"

மார்வா எழுந்திருக்கவில்லை. "எல்லிஸ்" என்றாள். "எழுபத்திரண்டு எழுந்திருக்கல."

எழுபத்திரண்டு ஹாலோவேயின் எண். தடுமாறிய மைக்கா பின்பக்கமாக அவன் காலின்மேல் விழுந்திருந்தான். முழங்கால் போகக்கூடாத பக்கம் போயிருந்ததை மறுஒளிபரப்பில் ஒரு முறை காட்டினார்கள், அப்புறம் காட்டவில்லை. முப்பது வருடத் தொழிலில் எனக்கு ஒரு முறை போதும்.

எல்லிஸின் கைகள் தட்டிய இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தன.

செவ்வாய் காலை மேலாளர் சொன்னபடி கூப்பிட்டார். அதில் குறை சொல்ல முடியாது. நானும் மார்வாவும் கேட்கும்படி எல்லிஸ் போனை ஒலிபெருக்கியில் போட்டான்.

"உனக்குன்னு ஒரு இடம் வெச்சிருந்தேன் எல்லிஸ், சத்தியமா. உச்சவரம்புல மிச்சமிருந்தது அந்த ஒரு ஆளுக்குத்தான். வெஸ் ஆடினாலும் ஆடாட்டியும் அவன் சம்பளம் கணக்குல நிக்கும். இப்ப எனக்கு ஓரத்துக்கு ஆள் வேணும். மைக்கா உள்ளே சமாளிப்பான்."

"நான் ஓரத்துல நிப்பேன்."

"உன் கை எவ்வளவுன்னு எனக்குத் தெரியும் எல்லிஸ்."

அந்த வருடம் வேறு யாரும் கூப்பிடவில்லை. செப்டம்பரில் எந்த அண்டாவிலும் சோறு இல்லை.

அறுவைக்குப் பிறகு ஹாலோவே என்னிடம்தான் பயிற்சிக்கு வந்தான். காரில் கூட்டிவந்தது எல்லிஸ். ஆடாத மனிதனுக்கு நேரம் நிறைய இருந்தது. ஹாலோவேயின் கால் மடங்கும்போதெல்லாம் எல்லிஸ் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து கட்டுப்போட்ட முழங்காலையே பார்ப்பான். ஒருநாள் ஹாலோவே கழிவறைக்குப் போனபோது என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்: "அடிபட்டவனை வெளியே தள்ள முடியாது டாக். அணி அறையில அவன் அலமாரி அங்கேயே இருக்கும், சம்பளம் வரும். எனக்கு ரெண்டு நல்ல முழங்கால். எதுக்கு? இதுலயும் அவனுக்குத்தான் அதிர்ஷ்டம்."

அப்படிச் சொன்னதற்காக அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னான்.

நவம்பரில் ஒரு வியாழன். ஹாலோவே வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு திடீரென்று சொன்னான்: "நீ பக்கத்துல இருந்திருந்தா இது ஆயிருக்காதுடா."

இந்த ஒரு வரிக்காக எல்லிஸ் பத்து வருடம் காத்திருந்தான் என்பது எனக்குத் தெரியும். அவன் முகம் மலரவில்லை.

"வெஸ், நீ விழுந்தப்ப நான் கை தட்டினேன்."

நான் பிடித்திருந்த கால் என் கைக்குள் இறுகியது.

"நீன்னு தெரியாது. அந்தப் பயல் கோட்டை விட்டான்னு தட்டினேன். ஆனா தட்டினேன்."

ஹாலோவே கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். "எவ்வளவு நேரம்?"

"மார்வா சொல்ற வரைக்கும்."

"நின்னுக்கிட்டா, உட்கார்ந்துக்கிட்டா?"

"குதிச்சு."

"நாய்ப்பயலே" என்றான் ஹாலோவே. குரலில் சிரிப்பு இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "டாக், இன்னும் எத்தனை தடவை மடக்கணும்?"

"பத்து" என்றேன்.

"இவனை மடக்கச் சொல்லு. சும்மாதானே உட்கார்ந்திருக்கான்."

எல்லிஸ் எழுந்து வந்தான். நான் விலகி, எங்கே பிடிக்க வேண்டும் என்று காட்டினேன். அந்தக் காலை அவன் இரண்டு கைகளிலும் ஏந்தி, ஒன்று என்று எண்ண ஆரம்பித்தான்.