நாத்தனாரின் செடியும் என் செடியும்

எண்பதுகளின் பாதியில் கல்யாணமாகிக் கள்ளிக்குப்பத்துக்கு வந்தபோது ஒரு ஆந்தூரியம் தொட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பூவுக்காக வளர்க்கும் ரகமில்லை, இலைக்காக வளர்ப்பது. கரும்பச்சை வெல்வெட் துணியில் சாக்பீஸால் நரம்பு வரைந்தது போலிருக்கும். பூ என்று வருவது எலிவால் மாதிரி ஒரு குச்சிதான்.

என் நாத்தனாருக்கு அது பிடிக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் வேலை அவளுக்கு. ஒரு நாள் போட்டிக்கென்றே பூந்தமல்லி நர்சரியிலிருந்து தானும் ஒன்று வாங்கி வந்தாள். நீண்ட, தடித்த இலை. வெல்வெட்டும் குறைவு, நரம்பும் மங்கல். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் என் செடி ஓரமெல்லாம் கருகி நிற்க, அவளுடையது அசையவில்லை.

இரண்டையும் சேர்த்தால் என்ன என்று நான்தான் கேட்டேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். மறுநாள் மெல்லிய பிரஷ் ஒன்றோடு வந்து நின்றாள்.

அந்த எலிவால் பூக்குச்சியில் முதலில் பிசுபிசுவென்று துளிகள் அரும்பும். மகரந்தம் ஏற்க அதுதான் சமயம். அதன் சொந்த மகரந்தப் பொடி உதிர்வதோ துளிகள் காய்ந்த பிறகு. அதனால் என் செடியில் துளி அரும்பும்போது அவள் செடி பொடி உதிர்க்க வேண்டும். பல மாதம் அது ஒத்துவரவில்லை. கடைசியில் ஒத்து வந்த காலையில் அவள் வேலைக்கு லீவு போட்டாள். காயில் சுற்றிப் பழகிய விரல்கள். குச்சியில் ஒரு இடம் விடாமல் பொடியைத் தடவினாள்.

பழம் பிதுங்கித் தொங்கவே மாதங்களாயின. கொழகொழப்பை அலசிவிட்டு, ஈரத் தேங்காய் நாரில் விதைகளைப் பரப்பினோம். முளைத்தவை எல்லாம் ஒரே மாதிரி சாதாரணப் பச்சை இலை விட்டன. நான் சோர்ந்துபோனேன். நாலைந்து இலைக்குப் பிறகுதான் ஒவ்வொன்றும் தன் குணத்தைக் காட்டியது. சிலதுக்கு என் செடியின் நரம்பு வந்தது, கூடவே கருகும் குணமும். சிலது அவள் செடியின் அச்சு. ஒன்றே ஒன்று மட்டும் நீளத்தையும் தடிப்பையும் அவள் செடியிலிருந்து வாங்கிக்கொண்டு, வெல்வெட்டையும் வெள்ளை நரம்பையும் என் செடியிலிருந்து எடுத்துக்கொண்டது. அதன் புது இலை ஒயின் நிறத்தில் விரிந்தது. அந்த நிறம் இரண்டு செடியிலும் கிடையாது.

அடுத்த கோடையில் தெருக்குழாயில் தண்ணீர் வராத நாட்களிலும் அது புது இலை விட்டது. அந்த இலை விரிந்த அன்று நாங்கள் இருவரும் பாயசம் வைத்துக் குடித்தோம். என் வீட்டுக்காரருக்குக் காரணமே விளங்கவில்லை.

சேதி கேட்டு நர்சரிக்காரர் வந்தார். இலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத்த எங்க வாங்கினீங்க?" என்றார்.

"எங்கியும் வாங்கல," என்றாள் நாத்தனார். "எங்க ஊட்லயே பொறந்தது. நானும் அண்ணியும் பண்ணது."

அவர் நம்பவில்லை. தாய்ச் செடிகள் இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தோம். மாறி மாறிப் பார்த்தவர், பக்கக் கன்று விட்டால் தனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த வருடம் கொடுத்தோம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பூந்தமல்லி நர்சரிக்குப் போனோம். நிழல் வலைக்கடியில், நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில் அது நின்றது. எங்களை அறியாத புது வேலையாளிடம், தெரியாதவள் போல் விலை கேட்டாள் நாத்தனார்.

"அது விக்கறதுக்கு இல்லக்கா," என்றான் அவன். "அந்த மாரி வேற எங்கியும் கெடைக்காது."

அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வெளியே வரும்வரை இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டோம்.