ரெண்டு வரி மிச்சம்

அன்னவாசலில் நான் பிளக்ஸ் கடை போட்டு இருபத்திரண்டு வருடம். டிசைனுக்கு ஆள் உண்டு. மேட்டர், அதாவது பேனரில் வரும் வாசகம், என் பொறுப்பு. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் நானே கவிஞன். உட்கார்ந்து எழுதியே இடுப்பு போனது. டாக்டர் ஜிம்முக்குப் போகச் சொன்னார்.

அங்கே கோச் ஜெனிபர். ஆவூர்ப் பக்கத்துப் பெண், என் மகள் வயது, வலுதூக்கும் போட்டிகளுக்குப் போகிறவள். முதல் நாள் வீம்புக்கு மூச்சைப் பிடித்துத் தூக்கினேன்.

“சார், இன்னும் ரெண்டு தடவ முடியும்ங்கிறப்பவே நிறுத்திரணும். எல்லாத்தையும் இன்னைக்கே காலி பண்ணிட்டா நாளைக்கு வரமாட்டீங்க.”

மறுநாள் நான் போகவில்லை. கட்டிலை விட்டே எழ முடியவில்லை.

பிறகு அவள் சொன்னதை மேட்டருக்கும் பிடித்துக்கொண்டேன்; அவளிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன். நன்றாக ஓடும்போதே, ரெண்டு வரி பாக்கி வைத்துப் பேனாவை மூடிவிடுவேன். காலையில் அந்த ரெண்டு வரி தயாராக நிற்கும். அந்த ஓட்டத்தில் அடுத்த பேனரும் வந்துவிடும். கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் இது ஆகாது, அடக்கம் அன்றைக்கே அல்லவா. அதற்கு ஒரு பைலில் நாலு ரெடிமேட் மேட்டர் வைத்திருந்தேன். பெயரை மாற்றினால் போதும். செத்தவர் யாரும் குறை சொன்னதில்லை.

போன வருடம் ஒருநாள் காலையில் ஷட்டரைத் திறக்கும்போதே ஜெனிபர் வந்து நின்றாள். அவள் அப்பா தவறிவிட்டார். சாயந்தரம் அடக்கம். வழக்கம்போல் ரெடிமேட் பைலைத் திறந்தேன். எட்டிப் பார்த்துவிட்டாள்.

“சார், இன்னைக்கி மிச்சம் வைக்காதீங்க.”

எனக்கு வெட்கமாகப் போயிற்று. பைலை மூடிவிட்டு, “அப்பா எப்படிம்மா?” என்றேன்.

“நான் வெயிட்டோட உக்காந்து எந்திரிக்கிறத அவரால பாக்க முடியாது சார். எந்தப் போட்டின்னாலும் வந்துருவாரு. வந்துட்டு கண்ண இறுக்க மூடிக்குவாரு. ‘எந்திரிச்சிட்டாளா, எந்திரிச்சிட்டாளா’ன்னு பக்கத்துல உள்ளவங்ககிட்ட கேட்டுக்கிட்டே இருப்பாரு.”

மூன்று மணி நேரம் எழுதினேன். பன்னிரண்டு தாள் குப்பைக்குப் போனது. டிசைனர் வாங்கி வந்த டீ ஆறிப்போனது. கடைசியில் பேனருக்கு ஒரே ஒரு வரி நின்றது.

“கண்ணைத் திறங்கப்பா, நான் எந்திரிச்சிட்டேன்.”

ஜெனிபர் அதைப் படித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அதுவரை அவள் அழவில்லை.

அப்புறம் மூன்று நாளைக்கு எனக்கு ஒரு கல்யாண வாழ்த்துகூட எழுத வரவில்லை. டிசைனரே ஏதோ எழுதிச் சமாளித்தான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தினமும் ரெண்டு வரி மிச்சம் வையுங்கள். என்றைக்காவது ஒருவர் வந்து நின்று, மொத்தத்தையும் கேட்பார்.