ஐந்தில் இரண்டு

இன்று பெரியப்பாவின் பேத்தி கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள். என் புருவத் தழும்பு சுரீரென்றது.

ஆறாவது படிக்கும்போது அதே விடையைச் சொல்லி ரத்தம் பார்த்தவள் நான். செஞ்சிக் கோட்டை மலையடியில் எங்கள் குடும்பக் கிணறு. அதில் பாதி நைனாவுடையது. பெங்களூர் போன சித்தப்பா, தன் மூன்றில் ஒரு பங்கையும் நைனாவுக்கே எழுதிக்கொடுத்துவிட்டார். மிச்சம் பெரியப்பாவுக்கு. பங்குக்கு ஏற்ற நேரம்தான் மோட்டார் ஓட்டலாம். அந்தக் கோடையில் எங்கள் வேர்க்கடலை வாடிக்கொண்டிருக்க, பெரியப்பா மோட்டாரை விடுவதாயில்லை.

"பாப்பா, நீ படிக்கிறவ. நம்ம பங்கு மொத்தம் எவ்ளோன்னு உங்க பெரியப்பாக்குச் சொல்லு" என்றார் நைனா.

மேலே இருந்ததை மேலேயும், கீழே இருந்ததைக் கீழேயும் கூட்டிக் கெத்தாகச் சொன்னேன். "அஞ்சுல ரெண்டு!"

"இன்னாடா, இன்னொரு பங்கு வந்தும் பாதிக்குக் கீழ போய்ட்டுதா?" பெரியப்பா சிரித்தார். "அப்ப மீதி மூணு என்துதான். உம் பொண்ணே சொல்லிட்டா!"

நைனா மண்வெட்டிக் காம்பால் அவர் வாயிலேயே போட்டார். இரண்டு பல் வாய்க்காலில் விழுந்தது. பெரியப்பா நைனாவைக் குறிவைத்து எறிந்த கல் என் புருவத்தைப் பிளந்தது. ரத்தம் வழிய நின்ற என்னை நைனாவும் ஓங்கி அறைந்தார். "ஒரு கூட்டல் தெர்ல, உனக்கு ஸ்கூல் ஒரு கேடா?"

அந்த வருஷம் கடலை முழுக்கக் கருகியது.

அவள் நோட்டில் எங்கள் கிணற்றை ஆறு கட்டமாகப் போட்டேன். அரைக்கு மூன்று, மூன்றில் ஒன்றுக்கு இரண்டு, ஆக ஐந்து கட்டத்துக்கு வண்ணமடித்தேன்.

"மீதி ஒண்ணு யார்து அத்த?"

"உங்க தாத்தாவுது. போய்க் காட்டு."