வினார்த்தி அக்காவும் மரியாதை தெரிந்த பட்டன்களும்

வினார்த்தி அக்காவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. யோக்யகர்த்தாவில் ரயில் டிக்கெட் விற்கும் எங்கள் இணையதளத்தைப் பார்வையற்றவர்களும் பயன்படுத்த முடிகிறதா என்று சோதிப்பது அவர் வேலை. திரையில் உள்ளதைக் கணினி வாசிக்க, அக்கா காதால் கேட்பார். அது வாசிக்கும் வேகத்தில் எங்களுக்குப் பூனைச் சண்டைதான் கேட்கும்.

முன்பெல்லாம் அது "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டுமே சொல்லும். எது எதற்கென்று தெரியாது. "ஒவ்வொண்ணுக்கும் பேர் வைடா" என்று வடிவமைப்பாளர் பிரசோஜோவிடம் சொல்லிவிட்டார்.

பிரசோஜோ சோலோ ஊர்க்காரன். மரியாதையில் ஊறியவன். ராத்திரியே வைத்துவிட்டான்.

மறுநாள் காலை நோன்புப் பெருநாள் டிக்கெட் விற்பனை. போன பெருநாளுக்கே அம்மா இருக்கும் பன்யுவாங்கிக்குப் போக முடியாத அக்கா, இந்த முறை அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தார். விற்பனை திறந்ததும் கணினி பேசியது: "பெரியவர்களே, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தங்களுக்குச் சிரமமில்லை என்றால், தேதியைத் தேர்ந்தெடுக்கும் பொருட்டு இந்த எளிய பட்டனை..."

இரண்டாவது பட்டன் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் ரயில் நிறைந்துவிட்டது.

"பிரசோஜோ! இங்க வாடா!"

"அக்கா, பெரியவங்களைப் பாத்து 'வாங்கு'னு எப்படிச் சொல்றது?"

"நீயா சொல்ற? பட்டன்டா சொல்லுது!"

"என் பட்டன்தானேக்கா."

"மத்தியானம் கடைசி ரயிலுக்கு விற்பனை திறக்குது. எல்லாத்தையும் ஒரே வார்த்தையாக்கு. இல்லேன்னா உங்க வீட்லதான் எனக்குப் பெருநாள்."

"தாராளமா வாங்கக்கா, அம்மா சந்தோஷப்..."

"டேய்!"

வியர்க்க வியர்க்கத் திருத்தினான். மத்தியானம் கணினி சொன்னது: "தேதி." பக்கத்தில் பிரசோஜோ "மன்னிச்சிடுங்கக்கா" என்று முணுமுணுத்தான். "இருக்கை." "தப்பா நினைச்சுக்காதீங்கக்கா." "வாயை மூடுடா, காது கேக்கல!" "வாங்கு." அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

டிக்கெட் கிடைத்துவிட்டது. அக்கா மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"அக்கா, ஜன்னலோரம் கிடைச்சிருக்கு!"

"ஜன்னலோரமா? வேடிக்கை பாக்கவாடா?"

"ஐயோ, அப்ப ரத்து செஞ்சிட்டு வேற..." அவன் கை சுட்டெலியை நோக்கி நகர்ந்தது.

"தொட்டே, கொன்னுடுவேன்!"

பிரசோஜோ கையை இழுத்துக்கொண்டான். பிறகு பயபக்தியோடு கேட்டான்.

"ரத்து பட்டனுக்கு இதையே பேரா வச்சிரட்டுமாக்கா?"