இடது கைக்கு முன்னுரிமை

நான் புளுகன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எங்கள் டிப்போவில் ஒரு பேருந்து ஓட்டுநரே இல்லாமல் கிளம்பி, மூன்று நிறுத்தங்களில் ஆள் ஏற்றி இறக்கிவிட்டுத் திரும்பி வந்தது என்று நான் விட்ட கதையை இன்றைக்கும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முப்பத்து நாலு வருஷம் அங்கே நேரக் காப்பாளனாக இருந்தவன் நான். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, போனது என்பதில் மட்டும் ஒரு நாளும் பொய் எழுதியதில்லை. இதில் வரும் மணி, நிமிஷமெல்லாம் என் கைக்கடிகாரத்தில் பார்த்தவை. மற்றதை நம்புவது உங்கள் இஷ்டம். நடந்தது நடந்ததுதான்.

ஓய்வு பெற்ற மறு வருஷம் எனக்குப் பக்கவாதம் வந்தது. லேசானதுதான். வாய் கோணவில்லை. அது கோணியிருந்தால் தெருவே நிம்மதியாக இருந்திருக்கும் என்றாள் என் மனைவி. இடது கால் கொஞ்சம் இழுத்தது; இடது கைதான் மணிக்கட்டுக்குக் கீழே செத்தே போயிற்று. சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிட வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அவளுக்குக் கண் பார்வை மங்கல். தெருவைக் கடக்கும்போது கல்யாணமான நாளிலிருந்து என் இடது கையைத்தான் பிடித்துக்கொள்வாள். இப்போது என் வலது கையில் ஊன்றுகோல். இடது கையைப் பிடித்தால் ஈரத் துணியைப் பிடித்த மாதிரி இருக்கிறது என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அப்புறம் பிடிப்பதே இல்லை. என் சட்டை நுனியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு ஹார்ன் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போட, கூடவே வருவாள்.

அவள் கையை நான் மறுபடி இறுக்கிப் பிடிக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆறு மாதத்துக்குள் விரல் அசைந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை என்றார் டாக்டர். எதையாவது பிடித்துப் பழகச் சொன்னார். ஒரு வாத்தியக் கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர்தான் ஸ்டீல் கிட்டார் என்றார். மடியில் படுக்க வைத்து, வலது கையால் மீட்டி, இடது கையில் ஓர் இரும்புக் கட்டையைப் பிடித்துக் கம்பிகள் மேல் வழுக்கினால் போதும். அழுத்தவே வேண்டாம். எனக்காகவே கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

வாத்தியம் கிடைத்துவிட்டது. சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. நான் ஏறி இறங்காத இசைப்பள்ளி இல்லை. ஓர் இடத்தில், எங்களிடம் இருப்பதெல்லாம் மரக் கிட்டார்தான், ஸ்டீல் வேண்டுமென்றால் பாத்திரக் கடைக்குப் போங்கள் என்று மரியாதையாகவே வழி சொன்னார்கள். நான்கு வாரம் வீணாயிற்று.

கடைசியில், அதே வாத்தியக் கடையின் கதவுக்குப் பின்னால் ஒரு பழைய அட்டை ஒட்டியிருந்தது கண்ணில் பட்டது.

‘ஸ்டீல் கிட்டார் கற்றுத்தரப்படும்.’ அதற்குக் கீழே வேறு மையில், ‘இடது கை பலவீனமானவர்களுக்கு முன்னுரிமை.’

என் வீட்டிலிருந்து இரண்டே தெரு. மாடி வீடு. கதவைத் திறந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். இனி அவரை டீச்சர் என்றே சொல்கிறேன். வெயில் விழும் சுத்தமான அறை. சுவரில் கடிகாரம். என் நாற்காலிக்கு எதிரே அவருடையது. என் இடது தோளுக்குச் சற்றுப் பின்னால் இன்னொன்று, காலியாக.

உட்கார்ந்ததும் தன் கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து என் இடது விரலில் குத்தினார்.

“வலிக்குதா சார்?”

“இல்லையே.”

“கொஞ்சம்கூட?”

“கொஞ்சம்கூட.”

“ரொம்ப நல்லது,” என்றார்.

டாக்டர்கள் உச்சுக் கொட்டுவார்கள். சந்தோஷப்பட்டவர் இவர் ஒருவர்தான். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்… எங்கே!

தினமும் மாலை நாலு பத்துக்கு வகுப்பு. ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகக்கூடாது. நேரம் பார்க்கிற டீச்சர் என்று எனக்கு மரியாதையே கூடிவிட்டது. ஒரே ஒரு கட்டளை: இடது கையைப் பார்க்கக்கூடாது.

முதல் வாரம் இரும்புக் கட்டை என் கையிலிருந்து ஒன்பது முறை விழுந்தது. ஒவ்வொரு முறையும் வலது கையால் குனிந்து எடுத்தேன். இரும்பு சில்லென்று இருக்கும் இல்லையா? அது சூடாக இருந்தது. யாரோ ஒரு மணி நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்த மாதிரி…

இரண்டாவது வாரம் கட்டை விழவே இல்லை.

மூன்றாவது வாரம் அது வழுக்க ஆரம்பித்தது. நாலு இருபத்திரண்டுக்கு முதல் சுரம் சுத்தமாக விழுந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர். வீட்டுக்கு ஓடி வந்து மனைவியிடம் சொன்னேன். வழக்கம்போல அரைவாசி கழித்துக்கொண்டுதான் நம்பினாள்.

ஆனால் ஒன்று உறுத்தியது. வகுப்பில் டீச்சர் பேசுவது என்னிடமில்லை என்று தோன்றும். என் இடது தோளுக்கு மேலே பார்த்துத்தான் பேசுவார்.

“மெதுவா போங்க… அவருக்கு இன்னும் பழகலை.”

‘அவருக்கு’ என்றால்… யாருக்கு?

அது ஒரு வியாழக்கிழமை. நாலு முப்பத்தொன்று. நான் வாசிக்கிறேன். எனக்குத் தெரியாத பாட்டு அது. கேட்டதே இல்லை. வலது கை கட்டையைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது.

இடது தோள் கனத்தது.

கட்டளையை மீறிக் குனிந்து பார்த்தேன். கட்டைக்குப் பின்னால் என் கடைசி இரண்டு விரல்களும் கம்பிகளை மெல்லத் தடவி அடக்கிக்கொண்டே போயின. தேர்ந்தவர்கள் செய்வது. எனக்கு டீச்சர் அதைச் சொல்லித்தரவே இல்லை.

வலது கையை நிறுத்தினேன்.

இடது கை நிற்கவில்லை.

ஸ்ஸ்ஸ்ர்ர்… ஸ்ஸ்ர்ர்…

மீட்டாத கம்பிகள் மேல் இரும்பு மட்டும் வழுக்கிப் போகிறது… வருகிறது…

எதிரே அலமாரிக் கண்ணாடி. அதில் நான் மட்டும்தான் தெரிந்தேன்.

ஆனால் என் சட்டையின் இடது தோளில்… நாலு விரல் பதிந்த குழி.

டீச்சர் அழுதுகொண்டிருந்தார். சிரித்துக்கொண்டும்.

வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை.

மறுபடி.

வந்தது.

நாலு நாற்பத்து நாலு.

“முடிக்க விட்டிருக்கலாமே சார்,” என்றார் டீச்சர் மெதுவாக. “இன்னும் நாலு வரிதான்.”

ஊன்றுகோலை மறந்து படியிறங்கினேன். எப்படி இறங்கினேன் என்று கேட்காதீர்கள்.

மறுநாள் காலை கடைக்காரரைப் பிடித்து உலுக்கினேன். அந்த வீட்டில் வாசித்தது டீச்சரின் கணவராம். தினமும் நாலு பத்துக்கு உட்காருவாராம். ஒரு நாள் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, கட்டை கையில் இருக்கும்போதே தலை சாய்ந்துவிட்டார்.

“அட்டை அவரு எழுதினதுதான்,” என்றார் கடைக்காரர். “கீழ் வரியை மட்டும் அந்தம்மா போன வருஷம் வந்து சேர்த்தாங்க. நல்ல கை உள்ளவங்க எத்தனையோ பேரைப் பாத்தாச்சு, சரிப்படலைன்னாங்க.”

அன்று பிற்பகல் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் ஒயர்களை ஒட்டினார்கள். திரையில் ஒரு நேர்கோடு. டாக்டர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

“முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியேதான் சார் இருக்கு. உங்க மூளையிலிருந்து இந்தக் கைக்கு எதுவுமே போகலை. நீங்க இதை அசைக்க வாய்ப்பே இல்லை.”

கை மேசை மேல் ஈரத் துணியாகக் கிடந்தது.

வெளியே வந்தோம். பெரிய தெரு. வண்டிகள். மனைவி என் சட்டை நுனியைத் தேடினாள். ஒரு லாரி ஹார்ன் அடித்தது. அவள் திடுக்கிட்டாள்.

என் இடது கை எழுந்து அவள் கையைப் பிடித்தது.

இறுக்கமாக.

கடந்து முடிக்கும் வரை விடவில்லை. அந்தப் பக்கம் போய் நின்றதும் அவள் மறு கையால் அதைத் தடவிப் பார்த்தாள்.

“என்னங்க… புடிச்சிட்டீங்க,” என்றாள். “நீங்க புளுகுறீங்கன்னுல்ல நினைச்சேன்.”

குனிந்து பார்த்தேன். அவள் மணிக்கட்டின் மேல் என் கட்டைவிரல் நடுங்கிக்கொண்டிருந்தது. நடுக்கமில்லை அது. ஒரு சுரத்தைக் கம்பிமேல் அசைப்பது போல, நிதானமாக, தாளத்தோடு…

கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு பத்து.

“தினமும் இந்த நேரத்துக்கு இப்படியே நடக்கப் போலாமாங்க?” என்று கேட்டாள்.

போகலாம் என்றேன். தினமும் போகிறோம். அவள் பிடித்திருப்பது யார் கை என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

எனக்கா… வாய் வரவில்லை.