மஞ்சள் கரடி

கடைக்குப் போனால் அந்த அம்மையார் சீக்கிரம் திரும்பியதாகச் சரித்திரமே இல்லை. மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றைக் கையில் எடுத்தால், முன்பக்கத்தில் சிரிக்கிற குழந்தையை அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். நேரே பின்பக்கம்தான். எறும்பு ஊர்ந்தாற்போல் அச்சடித்திருக்கும் வரிகளின் மேல், கைப்பையிலிருந்து எடுத்த பூதக்கண்ணாடியை வைத்து எழுத்து எழுத்தாகப் படிப்பார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். கூட வந்த கணவரோ, யாரோ எவரோ என்ற முகத்தோடு சோப்பு அடுக்கின் பக்கம் நழுவிவிடுவார். சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயரும் பூதக்கண்ணாடிதான். முதுகுக்குப் பின்னால் மட்டும்.

வேலை நகராட்சியின் உணவுப் பரிசோதனைக்கூடத்தில். அவருடைய பிரிவு இனிப்புப் பண்டங்கள். நாள் தவறாமல் ஜெல்லிக் கரடிகளின் தலையைக் கிள்ளி, உடலை நறுக்கி, அமிலத்தில் கரைத்து, உள்ளே என்ன நிறம், என்ன உலோகம் என்று கருவியில் வைத்துப் பார்க்க வேண்டும். "எங்கம்மா கரடியை வெட்டி ஆசிட்ல போடுவாங்க" என்று மகள் வகுப்பில் பெருமையாகச் சொல்லப்போய், ஆசிரியை ஒருமுறை வீட்டுக்கே தொலைபேசியில் கூப்பிட்டு விசாரித்தார்.

அந்தப் பள்ளியில்தான் விவகாரம் தொடங்கியது. ஜெல்லி மிட்டாயில் டயர் ரப்பர் கலக்கிறார்கள் என்று யாரோ முகம் தெரியாத ஒருவர் அழுகுரலில் பேசிய ஒலிப்பதிவு, பெற்றோர் எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்துவிட்டது. விளையாட்டு விழாவில் குழந்தைகளுக்கு ஜெல்லி மிட்டாய் கொடுப்பதாக ஏற்பாடு. கூட்டம் கூடியது. நம் அம்மையார் எழுந்தார்.

"ரப்பர் இல்லைங்க. மாட்டுத் தோலு, எலும்பு இதையெல்லாம் வேகவெச்சு எடுக்கற பசை. வெந்நீர்ல போட்டுப் பாருங்க, கரைஞ்சிடும். டயர் கரையுமா?"

"அப்ப பொட்டலத்துக்குப் பின்னாடி ஏதோ நம்பர் போட்டிருக்கே, அது என்ன?" என்றார் ஒரு தந்தை.

"அது கேரட்ல இருக்கற நிறம்ங்க."

"கேரட்டுன்னா கேரட்டுன்னு போட வேண்டியதுதானே? எதுக்கு நம்பரு? எதையோ மறைக்கறான்."

"கம்பெனிக்காரன் மேடத்தை நல்லா கவனிச்சிருக்கான்போல" என்று பின்வரிசையில் ஒரு குரல். சிரிப்பு.

ஆதாரத்தோடு பேசுகிறவரை விலைபோனவர் என்பதும், அழுதுகொண்டே பொய் சொல்பவரை நம்புவதும் நமக்குப் புதிதல்ல. அம்மையாருக்குக் காது சிவந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து நாற்காலியிலிருந்து நாத்தனார் எழுந்தாள். கணவரின் தங்கை, அவள் மகனும் அதே பள்ளி. துணிக்கடை வேலை போனதிலிருந்து, சொந்தமாக ஏதாவது செய்து நிமிர வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தவள்.

"நான் வீட்டுலயே செஞ்சு தரேங்க. பழச்சாறு, பீட்ரூட், கீரை, மஞ்சள். ஒரு நம்பரும் கிடையாது. எல்லாம் இயற்கை."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. விழாவில் பிடித்துப்போனால் வாராவாரம் பள்ளிச் சிற்றுண்டிக் கடைக்கே எடுத்துக்கொள்வதாகத் தலைமையாசிரியை சொன்னார். இயற்கை என்ற ஒரு சொல்லுக்கு இத்தனை மரியாதை! அரளி விதையை எந்தத் தொழிற்சாலையும் தயாரிக்கவில்லை என்பது அந்தக் கூட்டத்தில் யாருக்கும் நினைவு வரவில்லை.

நாத்தனார் வீட்டு அடுப்பு சிறியது. ஆகவே கரடிகள் பிறந்தது அண்ணியின் சமையலறையில். கடற்பாசியைக் கரைத்து, சாறு ஊற்றி, அச்சில் வார்த்து ஆறவைத்தாள். சிவப்புக் கரடி, பச்சைக் கரடி, எல்லாவற்றையும் தூக்கியடிக்கும் பளபளப்பில் மஞ்சள் கரடி. அண்ணி ஒன்றைத் திருப்பிப் பார்த்தார்.

"பின்னாடி ஒண்ணும் எழுதலையே?"

"கரடிக்குப் பின்னாடி வாலுதான் அண்ணி இருக்கும்."

அண்ணி நிறத்துக்கு ஒன்றாகக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். நோக்கம் பரிசுத்தமானதென்று சொல்வதற்கில்லை. வீட்டு மிட்டாயில் புளிப்பும் சர்க்கரையும் அளவு தப்பும், சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும், அதைச் சொல்லிக் கூட்டத்தில் பட்ட அவமானத்தைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு சின்ன ஆசை. விஞ்ஞானிக்கும் நாத்தனார் உண்டல்லவா?

ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தால், பூஞ்சை இல்லை. புளிப்பு கச்சிதம். அம்மையாருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். வந்ததற்கு உலோகத்தையும் பார்த்துவிடுவோம் என்று வைத்தார். சிவப்பு, பச்சை இரண்டும் சுத்தம். மஞ்சள் கரடியில் ஈயம்.

குடுவை அழுக்கு என்று வேறு குடுவையில் செய்தார். ஈயம். அமிலம் பழசு என்று புதுப் புட்டியைத் திறந்தார். ஈயம்.

"மிஷின் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே மேடம் எங்களுக்குச் சொல்லித் தந்தீங்க?" என்றார் பக்கத்து மேசை ஆய்வாளர். அவருக்குச் சிரிப்பு. அம்மையார் கைப்பையை எடுத்தார். வளரும் மூளைக்குள் ஈயம் போனால், அது செய்கிற சேதம் திரும்பிச் சரியாவதில்லை. விழா மறுநாள் காலை.

வீட்டுக்கு ஓடியபோது நாத்தனார் கரடிகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மஞ்சளை மட்டும் எடுத்து வெச்சிடும்மா. அதுல ஈயம் இருக்கு."

நாத்தனாரின் கை நின்றது. "எனக்குக் கைதட்டினது உங்களுக்குப் பொறுக்கலை, இல்ல அண்ணி?"

"மூணு தடவை செஞ்சு பார்த்துட்டேன்."

"கம்பெனி மிட்டாய்ல ஒண்ணுமில்லை, என் மிட்டாய்லதான் விஷமா? இந்த ஒரு வேலைதான் எனக்குன்னு இருக்கு. அதையும் கெடுக்கறீங்களே!"

"மஞ்சள்தூள் எங்கே வாங்கினே? அதைச் சொல்லு முதல்ல. பளிச்சுன்னு இருக்கணும்னு ஈயம் சேர்ந்த சாயத்தைக் கலக்கறவங்க இருக்காங்க."

நாத்தனார் அலமாரியைக் காட்டினாள். "நான் எங்கேயும் வாங்கலையே. உங்க டப்பாதான். நீல மூடி."

கதவோரம் நின்ற கணவர் வழக்கம்போல் நழுவப் பார்த்தார். நழுவுவதற்குத்தான் சோப்பு அடுக்கு இல்லை.

ஊர் மிட்டாயையெல்லாம் வெட்டிப் பார்த்த அம்மையார், தன் அடுப்பங்கரைக்குள் அந்தப் பூதக்கண்ணாடியை ஒருநாளும் எடுத்ததில்லை. முக்குக் கடைக்காரர், "அம்மாவுக்குன்னு நல்ல தூளா தனியா எடுத்து வெச்சிருக்கேன்" என்பார். அந்தப் பணிவுக்காகவே கல்யாணமான நாள்முதல் அங்கேயே உதிரியாக வாங்கினார். காகிதத்தில் மடித்த தூளுக்குப் பின்பக்கம் கிடையாது. படிக்க ஒன்றுமில்லாததை அவர் படிக்கவில்லை. பளபளப்பைத் தரம் என்று நம்பினார், ஒலிப்பதிவை நம்பியவர்களைப் போலவே.

விடிந்ததும் ஆய்வுக்கூடத்தைத் திறக்கச் சொல்லி டப்பாவோடு போனார். தூளை எரித்த சாம்பலில் அமிலமும் மருந்தும் விட்டதும் இளஞ்சிவப்பு பூத்தது. ஈயச் சாயம் கலந்தால் பூக்கிற நிறம். சந்தேகத்துக்கு இடமில்லை.

விழா மேடையில் ஏறி ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். மஞ்சள் கரடி இல்லை என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். பழி நாத்தனார் தலையில் விழுந்திருக்கும். அண்ணியின் பெயர் ஓங்கியிருக்கும்.

"சிவப்பும் பச்சையும் நானே சோதிச்சேன். தைரியமா குடுங்க. மஞ்சள் மட்டும் வேண்டாம், ஈயம் இருக்கு. மிட்டாய் செஞ்சவங்க மேல தப்பு இல்லை. அந்தத் தூள் என் வீட்டு டப்பாவுல இருந்து வந்தது. நான் இத்தனை வருஷமா சோதிக்காம எம்பிள்ளைக்குப் போட்டுச் சமைச்சிருக்கேன். உங்க டப்பாவையும் கொண்டாங்க, பார்ப்போம்."

"எங்கே மேடம் கொண்டாரணும்?" என்றது பின்வரிசைக் குரல். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிவப்புக் கரடிகளை வினியோகித்தாள்.

அன்றே மகளை அழைத்துப்போய் ரத்தத்தில் ஈயம் உண்டா என்று சோதித்துப் பார்த்தார்கள். கவலைப்படும் அளவில் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அம்மையாருக்குச் சோறு இறங்கியது. மறுநாள் ஆய்வுக்கூட வாசலில் டப்பாக்களோடு ஒரு கூட்டமே நின்றது. பொட்டலம் வாங்கக் கட்டுப்படியாகாதவர்களே அதில் அதிகம். இளஞ்சிவப்பு பூத்ததும் அவர்கள் தூளில்தான். முக்குக் கடைக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "நானும் இதைத்தாம்மா திங்கறேன்!" அவருக்கு வந்த மூட்டையிலும் பெயர் இல்லை, ஊர் இல்லை. வசதியுள்ளவன் வீட்டு மிட்டாய்க்குப் பின்னால் அத்தனை வரிகள். இல்லாதவன் வீட்டு மஞ்சளுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. அதிகாரிகள் அந்த மூட்டையிலிருந்து சோதனைக்குக் கொஞ்சம் தூள் எடுத்துப் போயிருக்கிறார்கள். மூட்டை கட்டியவனைப் பிடிக்கும்வரை அம்மையார் அவர்களைத் தூங்கவிடப் போவதில்லை.

நாத்தனாரின் கரடிகள் இப்போது வாராவாரம் பள்ளிக்குப் போகின்றன. மஞ்சளுக்குக் கேரட். பொட்டலத்தின் பின்பக்கம், பூதக்கண்ணாடிக்கு வேலையே வைக்காத பெரிய எழுத்தில், உள்ளே இருப்பதெல்லாம் அச்சடித்திருக்கிறாள். ஆனாலும் அண்ணி கண்ணாடியை வைத்துத்தான் படித்தார். கடைசி இரண்டு வரிகளில் நின்றுவிட்டார்.

சோதித்தவர்: அண்ணி.
அண்ணியைச் சோதித்தவர்: நாத்தனார்.